அடங்கியிருப்பதாகச் சொல்லப்படுகிறது

நான் துறைமுகத்தில் ராலி கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி, நாலு கோட்டை நெடுக்கே கீறி, ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பதுதான் உத்தியோகம். இதெல்லாம் ஒரு வேலையா என்று என் மனைவியின் தமையனார் கலியாணப் பேச்சின்போதே கேட்டவர். சித்திரை வெய்யிலில் நின்று கீறிப் பார்த்தால் தெரியும்.

அந்த உத்தியோகத்தில் இரண்டு விஷயம் படித்தேன். எண்ணும்போது யாரோடும் கதைக்கக்கூடாது என்பது ஒன்று. மற்றது கப்பல் சரக்குப் பத்திரங்களில் வரும் ஒரு வாசகம். ஆணி அடித்து மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று கப்பற்காரன் சத்தியம் பண்ண மாட்டான். ‘இயந்திர உதிரிப்பாகங்கள் அடங்கியிருப்பதாகச் சொல்லப்படுகிறது’ என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவிவிடுவான். சொன்னது யார்? அனுப்பினவன். திறந்து பார்த்தது யார்? ஒருவருமில்லை. அந்த ஒரு வாசகத்தை நம்பித்தான் உலகத்து வியாபாரம் முழுக்க மிதக்கிறது.

ஓய்வு பெற்ற கையோடு எங்கள் ஒழுங்கைச் சனசமூக நிலையத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டார்கள். இங்கிலிசுப் படிவம் நிரப்பத் தெரியும், கடலுக்குப் போவதில்லை, வீட்டில் இருந்தால் மனைவிக்குக் கரைச்சல் என்ற மூன்று தகுதிகளும் எனக்கு ஒருங்கே இருந்தன. தலைவர் ஒரு சம்மாட்டியார். இரண்டு வள்ளம் வைத்திருக்கிறார். பொருளாளர் அக்காதான் மரண உதவிச் சங்கத்துக்கும் பொருளாளர். அந்தச் சங்கத்தின் கிடாரம், தறப்பாள், கதிரை அத்தனையின் கணக்கும் அவவின் சீ.ஆர். கொப்பியில் இருக்கிறது. எந்தக் கதிரைக்கு எந்தக் கால் ஆட்டம் என்பது வரைக்கும் எழுதியிருப்பா.

நிலையம் என்றால் ஒரேயொரு மண்டபம். திருகோணமலைக் கோட்டையிலிருந்து கூப்பிடு தூரம். இரண்டு பத்திரிகை, ஒரு கரம் பலகை, நாற்பது பிளாஸ்டிக் கதிரை. 1974-ல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவு நிதி என்ற ஏற்பாட்டின் புண்ணியத்தில், அந்தக் கதிரைகளின் முதுகில் மூன்று தேர்தல்களின் பெயர்கள் இருக்கின்றன. ஒரு பெயரில் சாய்ந்துகொண்டு இன்னொரு பெயருக்கு எதிராகக் கதைப்பது எங்கள் ஒழுங்கையின் ஜனநாயகம்.

கூரையில் ஓர் ஓட்டை. பக்கத்து வளவுத் தென்னையிலிருந்து ஒரு குலை விழுந்து சீற்று உடைந்தது. உடைந்த இடத்தைப் பார்க்க ஏறிய தலைவரின் மருமகன் இன்னொரு சீற்றையும் உடைத்தான். அளந்து பார்த்தேன்: 5 அடிக்கு 3 அடி. நேர் கீழே கரம் பலகை. ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கம் மாரி. சிவப்புக் காயை அடித்தால் அது குழிக்குள் போகாமல் நீந்திப் போகும்.

இரண்டு சீற்று மாற்றுவதற்கு எதற்கு நிதியுதவி, ஒழுங்கையில் காசு சேர்த்தால் வராதா என்று நீங்கள் கேட்கலாம். சேர்த்தோம். அந்த மாதம் பார்த்து இரண்டு பேர் மோசம் போய்விட்டார்கள். கூரைக்குச் சேர்ந்த காசு பந்தலுக்குப் போயிற்று. பொருளாளர் அக்கா அதையும் கொப்பியில் எழுதினா. ‘கூரையிலிருந்து மரணத்துக்குக் கடன்.’

அதன் பிறகுதான் முன்மொழிவு எழுத வெளிக்கிட்டேன். ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிடவேண்டும். திருகோணமலை என்ற ஊரே ஒரு திட்ட முன்மொழிவுதான். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்ற முதல் வரி இல்லாத திட்ட அறிக்கை எதையும் நான் கண்டதில்லை. அந்த வரியை நம்பி இங்கே கள விஜயம் செய்தவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. 1620-ல் டென்மார்க்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். 1672-ல் பிரெஞ்சுக்காரர் வந்தார்கள், போனார்கள், 1782-ல் தொடர் கண்காணிப்புக்கு மறுபடி வந்தார்கள். 1795-ல் வெள்ளைக்காரன் ஒல்லாந்தரிடமிருந்து எடுத்துக்கொண்டான். சீனன்குடாவில் அவன் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள் 99. அவற்றை யார் திருத்துவது, யார் பாவிப்பது என்று 2003-ல் ஓர் உடன்படிக்கை. 2022 ஜனவரியில் 14, 24, 61 என்று பங்கு பிரித்து இன்னோர் உடன்படிக்கை. 2025 ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்துக்கொண்டு மூன்று பேராக ஒரு புரிந்துணர்வு. தொண்ணூற்றொன்பது தாங்கிக்கே இந்தப் பாடு என்றால் இரண்டு சீற்றுக்கு அவசரப்படலாமா?

எங்கள் கூரை பல பெயர்களில் பயணம் செய்தது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்கு வந்த வாகனங்களை எண்ணியவன் நான், பழக்க தோஷம். அந்தத் துயரத்தைப் பகிடி பண்ண எனக்கு வாய் வராது. ஆனால் பிறகு வந்த பொருட்களைப் பற்றிச் சொல்லலாம். எங்கள் ஒழுங்கைக்கு வந்த ஒரு மூட்டையில் முழங்கால் வரைக்கும் வரும் கம்பளிக் கோட்டு ஒன்று இருந்தது. எந்த நாட்டுப் புண்ணியவானோ, நல்ல மனத்தோடுதான் தந்திருப்பார். சம்மாட்டியார் இன்றைக்கும் மார்கழி வாடைக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் கரைக்குப் போகிறார். தூரத்தில் பார்த்தால் ரஷ்யாக்காரன் வலை இழுப்பதுபோல இருக்கும்.

வாகனங்கள் நிலாவெளி வீதியால் போய் வந்தன. எங்கள் ஒழுங்கைக்குள் வரவில்லை. வர முடியாது. ஒழுங்கையின் அகலம் ஒரு ஓட்டோவும் ஒரு நாயும். ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் 1983-ல் எழுதிய புத்தகத்தில் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார் என்று பிற்பாடு ஒரு பயிற்சிப் பட்டறையில் சொன்னார்கள். அபிவிருத்தி பார்க்க வருகிறவர்கள் தார் போட்ட வீதியோரத்தில் இருக்கிற ஏழையைத்தான் பார்க்கிறார்களாம். அதைச் சொன்ன பட்டறையும் தார் வீதியோரத்தில்தான் நடந்தது.

போர் முடிந்த பிறகு எல்லாப் படிவத்திலும் ‘நல்லிணக்கம்’ என்று கேட்டார்கள். நல்லது. எங்கள் வாசிகசாலையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து பத்திரிகை வாசிக்கிறார்கள் என்று எழுதினேன். பொய்யில்லை. மூலைக்கடை நானா வருவார், பேக்கரி மாத்தயா வருவார். மழை வந்தால் மூவினமும் ஒரே மூலையில்தான் ஒதுங்கவேண்டும். இதைவிட என்ன ஒற்றுமை வேண்டும்? அதற்குக் கிடைத்தது தலைமைத்துவப் பயிற்சி. பன்னிரண்டு பெடியன்கள் தலைவர்களாகித் திரும்பி வந்தார்கள். ஏழு பேர் கட்டாரில் இருக்கிறார்கள்.

2020-ல் கொரோனா வந்தபோது ‘தொற்றுநோய் முன்னாயத்தம்’ என்ற பெயரில் கேட்டோம். காலால் மிதித்தால் தண்ணீர் வரும் கைகழுவும் தொட்டி ஒன்று வந்தது. அழகான தொட்டி. குழாய் இணைப்பு மட்டும் திட்டத்தில் இல்லை. எங்கே வைப்பது என்று இரண்டு கூட்டம் போட்டு யோசித்துவிட்டு, கரம் பலகையை நகர்த்தி, கூரை ஓட்டைக்கு நேர் கீழே வைத்தோம். மாரி மூன்று மாதமும் தொட்டி ததும்பும். மிதித்தால் தண்ணீர் வரும். கண்காணிக்க வந்தவர் மிதித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுப் போனார்.

மூன்று வருடத்துக்கு முன் பருவம் மாறியது. ‘காலநிலை மாற்றத்துக்கு இசைவாக்கம்.’ சமூக மட்ட அமைப்புகளுக்குச் சிறு மானியம் என்று கொழும்பிலிருந்து ஓர் அறிவித்தல். முன்மொழிவு எழுதப் பழக்குவதற்கு இரண்டு நாள் பட்டறை, உப்புவெளியில். நானும் தலைவரும் போனோம். ஏசி மண்டபம். பிளேன்ரீ, பற்றிஸ், மதியம் சோற்றுப் பார்சல், போக்குவரத்துக் காசு. தலைவர் ஏசியைக் கண்டதும் பைக்குள் இருந்து கம்பளிக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

முதல் நாள் ‘பிரச்சினை மரம்’. நடுவில் மையப் பிரச்சினை, வேரில் காரணங்கள், கிளையில் விளைவுகள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரிய தாளும் மார்க்கர் பேனையும் தந்தார்கள். தலைவர் பேனையை வாங்கி ஒரு பூவரச மரம் கீறினார். கைதேர்ந்த கீறல். மரத்தில் வலை காயப் போட்டிருந்தது, கீழே ஒரு பூனை.

“ஐயா, மையப் பிரச்சினை என்ன?” என்று பயிற்றுவிக்க வந்த பிள்ளை கேட்டா.

“மழை.”

“மழை பிரச்சினை இல்லை ஐயா. மழை இயற்கை. அதை நீங்க எடுகோள் நிரலில போடவேணும்.”

“எந்த நிரலில போட்டாலும் பிள்ளை, அது எங்கட தலையிலதானே விழுது?”

அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. சிரித்துவிட்டு, பொறுமையாக விளக்கினா. அன்றைக்குத்தான் நான் ‘லொக் பிறேம்’ என்ற கட்டத்தை முதன்முதலாகப் பார்த்தேன். நெடுக்கே நாலு, குறுக்கே நாலு. சாதகத்தில் பன்னிரண்டு கட்டம்தான், இதில் பதினாறு. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று பெரியவர்கள் ஏன் வாழ்த்தினார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. முதல் நிரலில் என்ன செய்யப் போகிறோம், இரண்டாவதில் அதை எப்படி அளப்பது, மூன்றாவதில் அளந்ததற்கு என்ன அத்தாட்சி. கடைசி நிரல் எடுகோள்கள். எங்கள் கையில் இல்லாததெல்லாம் அங்கே போகவேண்டும். மழை, கடல், அரசாங்கம், டொலர் விலை, தேர்தல். எங்கள் ஊர் வாழ்க்கை முழுவதும் அந்த நாலாவது நிரலுக்குள்தான் இருக்கிறது. அது எல்லாவற்றிலும் ஒடுங்கிய நிரல்.

இந்தக் கட்டத்தை 1969-ல் யூஎஸ்எயிட் என்ற அமெரிக்க உதவி நிறுவனத்துக்காகத்தான் முதலில் கீறினார்களாம். 2025 ஜனவரி 20-ம் திகதி வாஷிங்டனில் ஒருவர் ஒரு கையெழுத்துப் போட்டார். உலகம் முழுக்க அந்த நிறுவனத்தின் வேலை நின்றது. ஜூலை முதலாம் திகதியோடு நிறுவனமே இல்லை. இந்தச் செய்தியைத் தலைவருக்கு வாசித்துக் காட்டினேன். “அப்ப அந்தக் கட்டம்?” என்று கேட்டார். கட்டம் இருக்கிறது அண்ணை. தாய் போய்ச் சேர்ந்துவிட்டது, பிள்ளை சுகமாக இருக்கிறது.

இரண்டாம் நாள் ‘நிலைபேறு’. நிதி முடிந்த பிறகும் திட்டம் எப்படித் தொடரும் என்று ஒரு கேள்வி. மண்டபத்தில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. எனக்கு ஆடு ஞாபகம் வந்தது.

சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தாவிளக்கு வைக்கிறவர்கள் எண்ணெய்க்குக் காசு கொடுத்துவிட்டுப் போவதில்லை. ஆடு கொடுப்பார்கள். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, இல்லாவிட்டால் 48 பசு, அதுவும் இல்லாவிட்டால் 16 எருமை என்று கணக்கு. ஆட்டைப் பொறுப்பெடுத்த இடையன் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். எதுவரைக்கும்? சந்திரனும் சூரியனும் உள்ளவரைக்கும். ஆடு செத்தால்? சாகாது. கல்வெட்டில் அந்த ஆட்டுக்குப் பெயரே ‘சாவா மூவாப் பேராடு’. சாவதும் இல்லை, கிழடாவதும் இல்லை. குட்டி போட்டுக் கணக்கைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். நிலைபேறு என்ற கேள்விக்கு இவ்வளவு சுருக்கமான பதிலை எந்த ஆலோசகரும் எழுதியதில்லை. எங்கள் மாவட்டத்திலும் பெரியகுளத்தில், இராசராசப் பெரும்பள்ளி என்று தமிழில் பெயர் வைத்திருந்த பௌத்தப் பள்ளிக்கு, விளக்கெரிக்க மாடு கொடுத்தவர்களின் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. நிலாவெளிக் கல்வெட்டில் கோணேசர் கோயிலுக்கு 250 வேலி நிலம். பெயர்ப்பலகை கல்லில் என்பதால் இன்னும் வாசிக்க முடிகிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கல்வெட்டில் எழுதியிருப்பது விளக்கு. கிடைத்தது யாருக்கு? ஓர் இடையன் குடும்பத்துக்குத் தொண்ணூற்றாறு ஆடு. நாளுக்கு ஓர் உழக்கு நெய் போக மிச்சப் பாலும் மோரும் குட்டியும் அவன் வீட்டுக்கு. ‘இடையர் வாழ்வாதார மேம்பாடு’ என்று அரசனிடம் கேட்டிருந்தால் நாலு ஆடும் கிடைத்திருக்காது. பத்திரத்தில் விளக்கு, பெட்டிக்குள் ஆடு. இந்தச் சரக்கை எனக்குத் தெரியும்.

நம் காலத்து ஆடுகள் அப்படியல்ல, சாகும். எனக்குத் தெரிந்த ஒரு விதவைப் பெண்ணுக்கு வாழ்வாதாரத்துக்கு இரண்டு ஆடு கொடுத்தார்கள். ஒன்று நாலாம் மாதம் செத்தது. செத்த ஆட்டோடு ஒரு படம், மிருக வைத்தியரின் கடிதம், அயலவர் இருவரின் கையொப்பம் வேண்டும் என்றார்கள். புருசன் செத்தபோது இவ்வளவு கேட்கவில்லை என்று அந்தப் பெண் சொன்னா. படம் எடுக்கும்போது பயனாளி சிரித்த முகத்தோடு இருப்பது நல்லது என்று வந்தவர் பழக்கத்தில் சொல்லிவிட்டார் போலும். படத்தில் மனிசி செத்த ஆட்டுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறா.

சரி, எங்கள் முன்மொழிவு. தலைப்பு: ‘கரையோரச் சமூகத்தின் காலநிலைத் தாங்குதிறனை வாசிப்பின் ஊடாக மேம்படுத்தல்.’ நானே எழுதினேன். மூன்று நாள் எடுத்தது. எழுதி முடித்துவிட்டு மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். “கூரை எங்கே?” என்று கேட்டா. செயற்பாடு 2.3-ன் கீழ் ‘மழைநீர் முகாமைத்துவத்துக்கான மேற்பரப்புச் சீராக்கல்’ என்று இருக்கிறது என்றேன். அவ அடுப்படிக்குப் போய்விட்டா. பயனாளிகள் என்ற கட்டத்தில் 120 பேர் என்று போட்டேன். நாற்பது கதிரை, ஆளுக்கு வாரத்தில் இரண்டு நாள். அடங்கியிருப்பதாகச் சொல்லப்படுகிறது.

பதிவுச் சான்றிதழ், கடந்த மூன்று பொதுக்கூட்ட அறிக்கை, கணக்காய்வு, மூன்று பேர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு. இவ்வளவும் இருந்தது. இனி மூன்று கொட்டேசன். எங்கள் தெருவிலுள்ள இரும்புக்கடைக்காரர் பெருந்தன்மையான மனிசர். “மூண்டையும் நானே தாறன் ஐயா, மூண்டு கடிதத் தலைப்பும் இஞ்ச இருக்கு, எது கூட எது குறைய எண்டு மட்டும் சொல்லுங்கோ” என்றார். ராலி கிளாக்குக்கு அது ஆகாது. நான் மூன்று கடைக்கும் நடந்தேன். 2022-ல் டொலர் இரண்டே மாதத்தில் இருநூறு ரூபாயளவிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போன காலத்தைக் கண்ட கடைக்காரர்களுக்கு, விலை எழுதித் தருவதென்றால் இன்னும் கை நடுங்குகிறது. ‘இவ்விலை இன்று பிற்பகல் வரை செல்லுபடியாகும்’ என்று ஒருவர் எழுதித் தந்தார். மூன்றாவது கொட்டேசன் அநுராதபுரச் சந்திப் பக்கத்துக் கடையில். வரும் வழியில் உளுந்துவடை நாலு வாங்கி, கொட்டேசனையும் வடையையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு வந்தேன். பையை மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவத் தொட்டியை மிதித்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. திருகோணமலையில் புள்ளிமான்கள் கோட்டைக்குள் இருக்கின்றன என்று சுற்றுலாப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். அவை புத்தகம் வாசிப்பதில்லை. கடற்கரைக்கும் வரும், பஸ் நிலையத்துக்கும் வரும், தேத்தண்ணிக் கடை வாசலிலும் நிற்கும். காட்டில் தளிர் தின்கிற சாதி, எங்கள் ஊரில் கடதாசி தின்னப் பழகியிருக்கிறது. உப்பும் எண்ணெயும் பட்ட கடதாசி என்றால் உயிர்.

திரும்பிப் பார்த்தபோது ஒரு கொம்பன் மேசையோரம் நின்றது. வடையை அது தொடவில்லை. கொட்டேசனை மென்றுகொண்டிருந்தது. அவசரமில்லாமல், கந்தோரில் கோவை பார்க்கிற பெரியவர்போல, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு. கடிதத் தலைப்பும் கடையின் தொலைபேசி இலக்கமும் மட்டும் வாய்க்கு வெளியே தெரிந்தன. நான் ‘சூ’ என்றேன். அது என்னைப் பார்த்தது, மிச்சத்தையும் இழுத்துக்கொண்டது. கரம் விளையாடிக்கொண்டிருந்த பெடியன்களில் ஒருவன் கைபேசியில் படம் எடுத்தான். விரட்டச் சொன்னால் படம் எடுக்கிற தலைமுறை.

கடைக்காரர் அதே விலைக்கு இன்னொன்று எழுதித் தர மறுத்துவிட்டார், பிற்பகல் ஆகியிருந்தது. முடிவுத் திகதி மறுநாள். வேறு வழியில்லாமல் உள்ளதை உள்ளபடி எழுதி இணைத்தேன்: ‘மேற்படி திட்டத்தின் மூன்றாம் விலைமனுவானது, எமது நிலையத்தினுள் பிரவேசித்த புள்ளிமான் ஒன்றினால் உட்கொள்ளப்பட்டமையை இத்தால் தயவுடன் அறியத்தருகின்றேன்.’

பத்தாம் நாள் பதில் வந்தது. விளக்கம் கிடைத்தது, உரிய அத்தாட்சியை அனுப்பிவைக்கவும்.

கிராம உத்தியோகத்தரிடம் போனேன். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். “ஐயா, என்ர பிரிவில வசிக்கிற ஆக்களுக்குத்தான் நான் அத்தாட்சி தரலாம். மான் வாக்காளர் இடாப்பில இல்லை” என்றார். நியாயம்தான். “வசிக்குதா எண்டு கேட்டால் வசிக்குது,” என்று கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், “ஆனா நிரந்தர முகவரி கோட்டை. அது வேற பிரிவு.”

கடைசியில் அந்தப் பெடியன் எடுத்த படத்தை அனுப்பிவைத்தேன். கொம்பனின் வாயில் கடிதத் தலைப்பு தெளிவாகத் தெரிந்தது. அந்தப் படம் கொழும்பில் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போனதென்று எனக்குத் தெரியாது. ஆறு வாரத்தில் அனுமதிக் கடிதம் வந்தது. எங்கள் முன்மொழிவு ‘மனித–வனவிலங்கு சகவாழ்வு’ என்ற அம்சத்தையும் உள்ளடக்கியிருந்தமை விசேடமாகப் பாராட்டப்பட்டிருந்தது. அவர்களுடைய ஆண்டறிக்கையின் முன்பக்கத்தில் மான் வந்தது. கொட்டேசனைப் புல் என்று நினைக்கும்படி படத்தை வெட்டியிருந்தார்கள்.

அனுமதி கிடைத்ததே தவிர முழுதாகக் கிடைக்கவில்லை. செயற்பாடு 2.3-ல் சிவப்புக் கோடு. கட்டுமானம் தகுதியற்ற செலவு. மேற்பரப்பு என்று நான் எழுதியதைக் கூரை என்று யாரோ வாசித்துவிட்டார்கள். கொழும்பிலும் ஒரு ராலி கிளாக் இருந்திருக்கவேண்டும். மிச்சம் வந்தது இரண்டு நாள் விழிப்புணர்வுக் கருத்தரங்கு, முப்பது ரீசேட், சிற்றுண்டி, காலநிலை பற்றிய புத்தகங்கள். புத்தகங்களை நனையாத மூலையில் அடுக்கினோம். பொருளாளர் அக்கா ரீசேட்டை எண்ணி வாங்கி, ஒன்று குறைகிறது என்று கண்டுபிடித்தா. அது கொண்டு வந்த சாரதியின் உடம்பில் இருந்தது.

கடிதத்தின் பின்னிணைப்பை அன்றிரவு வாசித்தேன். யாரும் வாசிக்காத இடத்தை வாசிப்பது எனக்குப் பழக்கம். ‘வெளித்தெரியும் தன்மை’ என்று ஒரு பகுதி. திட்டத்துக்கு ஒரு பெயர்ப்பலகை கட்டாயம். மும்மொழியில். கல்வனைஸ் தகட்டில், இரு பக்கமும் துருப்பிடிக்காத பூச்சுப் பூசி, கடற்காற்றுக்கு ஐந்து வருடம் தாங்கக்கூடியதாக. அளவு 6 அடிக்கு 4 அடி.

எழும்பிப் போய் மனைவியை எழுப்பினேன்.

மறுநாள் அந்தப் பட்டறைப் பிள்ளைக்குப் போன் எடுத்தேன். “பிள்ளை, பலகையை எங்க வைக்கவேணும் எண்டு ஏதும் விதி இருக்கோ?”

“எல்லாருக்கும் தெரியிற இடத்தில ஐயா. உயரமான இடமெண்டால் நல்லம்.”

“உயரமான இடம்தான்.”

பலகை வந்தது. கம்பிக்கால் வேண்டாம் என்று முதலே சொல்லிவிட்டோம். அந்தக் காசுக்கு ஆணியும் றப்பர் வளையமும் தார்ப் பசையும் வாங்கினோம். அதற்கு ‘பொருத்தற் செலவு’ என்று ஒரு வரி இருந்தது. தலைவரின் மருமகன் ஏறினான். இந்த முறை எதையும் உடைக்கவில்லை. எழுத்து மேற்பக்கம் இருக்கட்டும், வெய்யிலுக்குத் தாங்கும் என்று அவன் சொன்னான். பருந்தும் விமானப்படையும்தான் வாசிக்கும் என்று நான் மறுத்தேன். எழுத்துப் பக்கம் உள்ளே பார்க்கப் பொருத்தினோம். இப்போது கதிரையில் சாய்ந்து அண்ணாந்தால் மூன்று மொழியிலும் திட்டத்தின் பெயர், நான்கு இலச்சினை, ‘இவ்வுதவி மக்களின் அன்பளிப்பு’ என்ற வாசகம். எந்த நாட்டு மக்கள் என்பது தீராந்திக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

கண்காணிப்பு விஜயத்துக்கு அந்தப் பிள்ளைதான் வந்தா. கூட ஒரு வெளிநாட்டு மனிசர். வாகனத்தைத் தார் வீதியில் விட்டுவிட்டு ஒழுங்கைக்குள் நடந்து வந்தார்கள். வாசலில் நின்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பலகை எங்கே என்று கேட்டார். தலைவர் ஒன்றும் பேசாமல் விரலை மேலே காட்டினார். இரண்டு பேரும் அண்ணாந்தார்கள். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு மழை வந்தது. பெரிய மழை இல்லை, தகட்டில் தாளம் போடுகிற அளவுக்கு. ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. வெளிநாட்டு மனிசர் கழுத்தை வளைத்து ஒரு படம் எடுத்தார். வாசலிலிருந்து பார்த்தால் நேராகவும், கரம் பலகைப் பக்கமிருந்து பார்த்தால் தலைகீழாகவும் இருக்கிறதே என்று மட்டும் அந்தப் பிள்ளை சொன்னா. இருக்கிற இடத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்றேன்.

முடிவறிக்கையில் நான் எழுதியது ஒரு வரி: ‘பெயர்ப்பலகை 1. பொருத்தப்பட்டது. பயனாளிகள் அனைவருக்கும் தெரிகிறது.’ ஒரு வார்த்தை பொய்யில்லை.

இப்போது ஒரு சின்னச் சிக்கல். மேலிருந்து தண்ணீர் வராததால் கைகழுவும் தொட்டி காய்ந்து கிடக்கிறது. மிதித்தால் காற்றுத்தான் வருகிறது. குழாய் இணைப்புக்கு ஒரு முன்மொழிவு எழுதச் சொல்லித் தலைவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். இந்த வருடம் என்ன பெயரில் கேட்கிறார்கள் என்று பார்க்கவேண்டும்.